இணையதளத்தை மக்களிடம் கொடுத்துச் சோதிப்பதும், அதை வைத்து முடிவெடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகராட்சி, கல்லூரி, கூட்டுறவு வங்கி என்று பொதுமக்கள் புழங்கும் தளங்களைக் கட்டுபவர்களும், காசு கொடுத்துக் கட்டச் சொல்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குழப்பம் வராமல் இருக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: வீட்டுச் சொத்து வரி கட்டும் நகராட்சித் தளம். அந்தத் தளமும் அதன் சோதனை எண்களும் கற்பனை. கணக்குப் போட்டிருக்கும் விதம் நிஜம், நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

“பயன்படுத்த எளிது” என்பது அவரவர் ரசனை இல்லையா? அதை எப்படி அளப்பது?

நிறம் பிடித்திருக்கிறதா என்பது ரசனை. வரி கட்ட வந்தவர் கட்டிவிட்டுப் போனாரா என்பது ரசனை இல்லை.

இதற்கு ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 9241-11. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. அது மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. வந்த வேலை முடிந்ததா, முடிக்க எவ்வளவு நேரமும் உழைப்பும் போனது, முடித்தவருக்கு மனநிறைவு இருந்ததா. ஆனால் அந்த வரையறையில் பலர் தாண்டிப் போய்விடும் பகுதி வேறு: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல். அதாவது, யாருக்கு என்று சொல்லாமல் ஒரு தளத்தை “எளிது” என்று சொல்லவே முடியாது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

சரி, யாரை வைத்துச் சோதிக்க வேண்டும்?

தளத்தை உண்மையில் யார் தொடுகிறார்களோ அவர்களை. கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான சோதனைகள் சறுக்குவது இங்கேதான். அலுவலகத்தில் இருக்கும் இளைஞர்களையே உட்கார வைத்து, “எல்லாருக்கும் புரிகிறது” என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

சொத்து வரித் தளத்துக்குத் தமிழ்நாட்டில் குறைந்தது இரண்டு வகைப் பயனர்கள் உண்டு. ஒருவர் வீட்டுக்காரர். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார், போன முறை எப்படிக் கட்டினோம் என்பது நினைவில் இருக்காது, கையில் போன், பக்கத்தில் பழைய ரசீது. இன்னொருவர் இ-சேவை மையத்திலோ தெருமுனை பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்திருப்பவர். ஒரே நாளில் பலருக்குக் கட்டிக் கொடுப்பார், பெரிய திரை, விசைப்பலகை, வெளியே வரிசை நிற்கும். முதலாமவருக்குத் தப்பில்லாமல் முடிய வேண்டும், கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவாயில்லை. இரண்டாமவருக்கு ஒவ்வொரு கூடுதல் கிளிக்கும் வரிசையை நீட்டும்.

இவர்களை ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் இருவருக்குமே பொருந்தாத ஒரு எண் வரும். ஆகவே இரண்டு குழுக்களாக ஆள் எடுங்கள், முடிவுகளையும் தனித்தனியாக வையுங்கள். வீட்டுக்காரர்கள் குழுவில் வயதானவர்கள், ஆன்லைனில் பணம் கட்டத் தயங்குபவர்கள், ஆங்கிலம் வாசிக்காதவர்கள் கட்டாயம் இருக்கட்டும். வரிவசூல் கவுன்டருக்கு வருபவர்களிடம் அங்கேயே கேட்டால் ஆள் கிடைத்துவிடும்.

ஐந்து பேர் போதும் என்கிறார்களே, உண்மையா?

அரை உண்மை. 1993-இல் பயன்பாட்டு எளிமை பற்றிய ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31% என்று அவர்களுடைய தரவில் வந்தது. அப்படியானால் ஐந்து பேரில் ஒருவரிடமாவது அது வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 85%. 2000-இல் நீல்சன் இதைக் கட்டுரையாக எழுதினார், “ஐந்து பேர்” என்பது அதற்குப் பிறகு வேதவாக்காகிவிட்டது.

அந்த 31% எல்லாத் தளத்துக்கும் பொருந்தாது. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் குறை என்றால், ஐந்து பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு 41% தான். அதையே 85% ஆக்க 18 பேர் வேண்டும். 2003-இல் லாரா ஃபாக்னர் 60 பேரைச் சோதித்துவிட்டு, அந்தத் தரவிலிருந்து ஐந்தைந்து பேராகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். சில ஐவர் குழுக்கள் 99% குறைகளைக் கண்டுபிடித்தன, சில 55% மட்டுமே. உங்களுக்கு எந்த ஐவர் வாய்ப்பார்கள் என்பது அதிர்ஷ்டம்.

நான் சொல்வது: குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் நோக்கம் என்றால், ஒரு வகைப் பயனருக்கு ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர். 15 பேரை ஒரே மூச்சில் உட்கார வைப்பதைவிட இது மேல். இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட்டு எண் சொல்ல வேண்டும் என்றால் ஐந்து பேர் எந்த வகையிலும் போதாது, ஒவ்வொன்றுக்கும் 20 பேராவது வைத்துத் தொடங்குங்கள்.

சோதனையில் என்ன வேலை கொடுப்பது?

“தளத்தைச் சுற்றிப் பாருங்கள், எப்படி இருக்கிறது?” என்று விட்டால் ஒன்றும் தேறாது. வேலை ஒரு சூழ்நிலையாக இருக்க வேண்டும்: “இது உங்கள் வீட்டு ரசீது. இந்த அரையாண்டுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்து, கட்டி, ரசீதை எடுத்துக் கொடுங்கள்.”

தளத்தில் இருக்கும் சொல்லை வேலையில் பயன்படுத்தாதீர்கள். பொத்தானில் “நிலுவை விவரம்” என்று இருந்து, நீங்களும் “நிலுவை விவரம் பாருங்கள்” என்றால், அவர் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து அழுத்துவார். அது வாசிப்புச் சோதனை. எங்கே முடிந்தால் “முடிந்தது” என்று கணக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். பணம் போய், ரசீது வராமல் நின்றால் அது வெற்றியா தோல்வியா? சோதனைக்குப் பிறகு இதைத் தீர்மானித்தால் யாருக்கு எது வசதியோ அப்படித்தான் தீர்மானம் வரும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் சும்மா இருக்க வேண்டும். இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

முறை இதுதான்: செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது. உளவியலில் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் இதற்கு அடித்தளம் போட்டார்கள். கணினி இடைமுகங்களுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஐ.பி.எம்.மில் இருந்த கிளேட்டன் லூயிஸ், 1982-இல். ஆரம்பத்தில் இப்படிச் சொன்னால் போதும்: “அம்மா, நாங்க சோதிக்கிறது உங்களை இல்ல, இந்தத் தளத்தை. மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நடுவுல நான் உதவி செய்யலன்னா தப்பா நினைச்சுக்காதீங்க.”

இப்படி ஒரு சோதனையில் பார்த்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா ரசீதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, வரி விதிப்பு எண்ணை அச்சில் இருந்தபடியே சாய்கோடுகளோடு தட்டினார். திரையில் சிவப்பில் “தவறான எண்” என்று வந்தது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி அதையே தட்டினார், மறுபடி “தவறான எண்”. மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, “எனக்குத்தான் கண்ணு சரியில்ல தம்பி” என்றார். அந்தப் பெட்டி சாய்கோட்டை ஏற்காது, இலக்கங்களை மட்டும் ஏற்கும். அதைத் திரையில் யாரும் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நிரலாளர் ஏறக்குறைய எழுந்தேவிட்டார், சொல்லிக் கொடுக்க. தடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் திருத்த, சாய்கோட்டை நீக்கிவிட்டு எண்ணைப் படிக்கும் ஒரு வரி நிரல் போதும். ஆனால் கருத்துக் கேட்புப் படிவத்தில் அது ஒருநாளும் வந்திருக்காது, ஏனென்றால் அந்த அம்மாவின் கணக்கில் தப்பு அவருடையது.

ஆனால் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் “நல்லா இருக்குங்க” என்கிறார்களே?

ஆமாம். எதிரே உட்கார்ந்து கஷ்டப்பட்டு ஒரு பொருளைக் காட்டுபவரிடம் குறை சொல்வதை நம் மக்கள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். அதுவும் அரசு அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே வாயைவிடக் கையைப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்தத் திரையில் பின்னால் போகிறார், எப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

இருவரை ஜோடியாக உட்கார வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. கணவன் மனைவியோ, அக்கா தங்கையோ. தனியாக இருந்தால் பேசாதவர், “அதை ஏன் அழுத்துற, இதுல பாரு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் தாராளமாகப் பேசுவார். நேரத்தை மட்டும் இந்த முறையில் அளக்காதீர்கள்.

எஸ்.யு.எஸ். மதிப்பெண் என்றால் என்ன?

“சிஸ்டம் யூஸபிலிட்டி ஸ்கேல்” என்பதன் சுருக்கம். தளத்தைப் பயன்படுத்தியவரின் மனநிறைவை அளக்க, ஜான் புரூக் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் இருக்கும். ஒற்றைப்படையில் கொடுத்த மதிப்பிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து கொடுத்த மதிப்பைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100-க்குள் ஒரு எண் வரும். ஒற்றைப்படையில் 4, 4, 5, 3, 4 என்றும் இரட்டைப்படையில் 2, 3, 2, 1, 2 என்றும் ஒருவர் போட்டால் 15 + 15 = 30, பெருக்கினால் 75.

அது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளின் சராசரி 68 என்று வந்திருப்பதால், 68 என்பது நடுத்தரம். 65 வாங்கிவிட்டு “முதல் வகுப்பு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் கேட்கும்போது இரட்டைப்படைக் கேள்விகளைக் கவனமாக எழுதுங்கள். எதிர்மறை வாக்கியத்துக்கு “ஒப்புக்கொள்ளவில்லை” என்று பதில் சொல்வதில் பலர் தடுமாறுவார்கள். வாசித்துக் காட்டி, வாய்மொழியாகப் பதில் வாங்குவது பாதுகாப்பு.

நேரத்துக்குச் சாதாரண சராசரி போதாதா?

ஐந்து பேரின் நேரம் 90, 100, 110, 120, 600 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 204. ஐந்தில் நான்கு பேர் 120-க்குள் முடித்த வேலைக்கு 204 என்பது யாருடைய நேரம்? பெருக்குச் சராசரி (ஐந்து எண்களையும் பெருக்கி, ஐந்தாம் மூலம் எடுப்பது) எடுத்தால் 148 வரும், அது கொஞ்சம் நியாயம். அந்த 600 வினாடிக்காரரை மட்டும் தூக்கி எறியாதீர்கள். அவருடைய காணொளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அனுபவசாலி ஒருவர் பார்த்துச் சொன்னால் போதாதா?

உதவும், ஆனால் மாற்று இல்லை. நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் சொன்ன விதிமுறை ஆய்வு, அதாவது பொதுவான வடிவமைப்பு விதிகளை வைத்துக்கொண்டு நிபுணர் தளத்தைச் சரிபார்ப்பது, வேகமானது, மலிவானது. எல்லாருக்கும் தெரிந்த குறைகளை மக்கள் முன்னால் கொண்டு போகாமல் இருக்க அது நல்ல வடிகட்டி.

ஆனால் மோலிக் பின்னாளில் செய்ததுதான் இன்னும் சுவையானது. 1990-களின் கடைசியில் ஒன்பது குழுக்களிடம் ஒரே தளத்தை, அன்றைய ஹாட்மெயிலை, கொடுத்துத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார். மொத்தம் 310 குறைகள் பட்டியலாயின. அவற்றில் முக்கால்வாசியை ஒரே ஒரு குழு மட்டுமே குறிப்பிட்டிருந்தது. தொழில் தெரிந்தவர்களே இப்படி என்றால், ஒரே ஒருவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு “இவ்வளவுதான் குறை” என்று யாரும் முடிக்க முடியாது.

அறுபது குறைகள் வந்துவிட்டன, எதை முதலில் திருத்துவது?

மூன்று கேள்விகள்: எத்தனை பேருக்கு வந்தது, வந்தால் வேலை நின்றுவிடுகிறதா இல்லை தடுமாறிக் கடந்துவிடலாமா, ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்த முறை பழகிவிடுமா. நீல்சனின் 0 முதல் 4 வரையிலான தீவிர அளவுகோல் இவற்றைத்தான் ஒரு எண்ணாகச் சுருக்குகிறது.

மூன்றாவது கேள்வி சொத்து வரித் தளத்தில் வேடிக்கையாக மாறும். பிரவுசிங் சென்டர்காரர் ஒருநாளில் பழகிவிடுவார். வீட்டுக்காரர் ஒருபோதும் பழகமாட்டார், அவர் அடுத்து வருவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. ஒரே குறை, ஆளைப் பொறுத்து 2 அல்லது 4. குறைந்தது மூன்று பேர் தனித்தனியே மதிப்பு போட்டுவிட்டு அப்புறம் கூடிப் பேசுங்கள். மேலதிகாரி முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எண்ணும் அதுவாகிவிடும்.

ஏ.எச்.பி., டாப்சிஸ் என்கிறார்களே, இவை எதற்கு?

மூன்று வடிவமைப்புகள் கையில் இருக்கின்றன, ஒன்று நிறையப் பேருக்கு முடிகிறது, இன்னொன்று வேகமாக முடிகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற நிலையில் உதவும் கணக்கு முறைகள் இவை. ஒரே வடிவமைப்புதான் என்றால் இவை தேவையே இல்லை, குறைகளைத் திருத்தப் போங்கள்.

ஏ.எச்.பி. என்பது தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய முறை. அளவுகோல்களுக்கு எவ்வளவு எடை என்று நேரடியாகக் கேட்காமல், இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லும். 1 என்றால் சமம், 9 என்றால் ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம். நம் வீட்டுக்காரர்கள் சார்பாகப் பேசும் குழு இப்படிச் சொல்கிறது என்று வைப்போம்: வேலை முடிவது நேரத்தைவிட 3 மடங்கு முக்கியம், மனநிறைவைவிட 5 மடங்கு, நேரம் மனநிறைவைவிட 2 மடங்கு. கணக்குப் போட்டால் முடிப்புக்கு 0.648, நேரத்துக்கு 0.230, மனநிறைவுக்கு 0.122.

இந்த முறையின் நல்ல குணம், முன்னுக்குப் பின் முரணைப் பிடித்துக் கொடுப்பது. மேலே உள்ளதில் முரண் விகிதம் 0.003 தான். 0.10-க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் வழக்கம். முடிப்பு நேரத்தைவிட 3 மடங்கு, நேரம் மனநிறைவைவிட 3 மடங்கு, ஆனால் மனநிறைவு முடிப்பைவிட 3 மடங்கு என்று ஒரு குழு வட்டமடித்தால் விகிதம் 1-ஐத் தாண்டிவிடும். அப்போது எண்ணைச் சரிக்கட்டாதீர்கள், மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். பலர் மதிப்பைச் சேர்க்கும்போதும் பெருக்குச் சராசரிதான்: ஒருவர் 4 என்கிறார், மற்றவர் அதற்கு நேரெதிராக 1/4 என்கிறார் என்றால் விடை 1, அதாவது சமம். சாதாரணச் சராசரி எடுத்தால் 2.125 வந்து, ஒருவர் ஜெயித்ததுபோல் காட்டும்.

டாப்சிஸ் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். ஹ்வாங்கும் யூனும் 1981-இல் கொடுத்த முறை இது. மூன்று வடிவமைப்புகள், ஒவ்வொன்றையும் வெவ்வேறு 20 பேர் பயன்படுத்தினார்கள்.

அ: ஒரு திரைக்கு ஒரு கேள்வி. 20-இல் 18 பேர் முடித்தார்கள் (90%), நேரம் 240 வினாடி, எஸ்.யு.எஸ். 66.
ஆ: எல்லாம் ஒரே பக்கத்தில். 15 பேர் (75%), 150 வினாடி, 78.
இ: மூன்றே படிகள். 17 பேர் (85%), 200 வினாடி, 70.

ஒவ்வொரு அளவுகோலிலும் மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதால் ஒவ்வொரு எண்ணையும் வகுக்க வேண்டும். முடிப்புக்கு அந்த வகுஎண் 144.7, ஆகவே 0.622, 0.518, 0.587. இதை எடையால் பெருக்கினால் 0.403, 0.336, 0.381. நேரத்துக்கும் மனநிறைவுக்கும் இப்படியே. அப்புறம் ஒவ்வொரு அளவுகோலிலும் மிகச் சிறந்ததை எடுத்து ஒரு கற்பனை உச்சமும், மிக மோசமானதை எடுத்து ஒரு கற்பனை அடிமட்டமும் அமைக்கிறோம். நேரத்தில் குறைவுதான் சிறந்தது, அங்கே தலைகீழாக எடுப்பவர்கள் நிறைய, கவனம். உச்சத்துக்கு அருகிலும் அடிமட்டத்துக்குத் தொலைவிலும் இருப்பது வெல்லும். அடிமட்டத்திலிருந்து உள்ள தூரத்தை இரண்டு தூரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0 முதல் 1-க்குள் ஒரு மதிப்பு வரும்.

விடை: இ 0.56, அ 0.52, ஆ 0.48. எந்த அளவுகோலிலும் முதலிடம் பிடிக்காத இ முதலில் வருகிறது.

இப்போது சோதனை எண்களைத் தொடாமல் எடையை மட்டும் மாற்றுங்கள். பிரவுசிங் சென்டர்காரர்கள் சார்பில் நேரத்துக்கு 0.648, முடிப்புக்கு 0.230, மனநிறைவு அதே 0.122. விடை: ஆ 0.88, இ 0.45, அ 0.12. பக்கத்தில்கூட யாரும் இல்லை.

இதைத்தான் கூட்டத்தில் காட்ட வேண்டும். கணக்கு எந்த வடிவமைப்பு நல்லது என்று சொல்லவில்லை, யார் பக்கம் நின்றால் எது நல்லது என்று சொல்கிறது. யார் பக்கம் நிற்பது என்பதை நகராட்சிதான் தீர்மானிக்க வேண்டும், மென்பொருள் நிறுவனமோ கணக்குத் தாளோ இல்லை. இரண்டு எடைகளையும் சராசரி எடுத்து “சமரசம்” செய்யாமல், பொதுமக்களுக்கு இ, பிரவுசிங் சென்டர்காரர் போன்ற முகவர்களின் உள்நுழைவுக்கு ஆ என்று இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

0.56 என்று வந்தால் இ-தான் சிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாமா?

கூடாது. 20-இல் 18 பேர் முடித்தார்கள் என்றால், 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 69 முதல் 98% வரை. 15 பேர் என்றால் 53 முதல் 89%. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இ-யில் இன்னும் இரண்டே பேர் தோற்றிருந்தால் 75% ஆகி, வீட்டுக்காரர் எடையிலேயே அதன் மதிப்பு 0.26-க்கு இறங்கிவிடும். முதலிடத்திலிருந்து கடைசிக்கு, இரண்டு பேரால்.

டாப்சிஸ் இந்தத் தயக்கத்தை உள்ளே வாங்கிக்கொள்வதில்லை. 18/20-ஐயும் 1800/2000-ஐயும் ஒரே 90 ஆகத்தான் பார்க்கும். ஆகவே ஒரு விடை போட்டவுடன் எண்களை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், எடைகளையும் ஆட்டிப் பாருங்கள். வரிசை ஆடாமல் நின்றால் தைரியமாகச் சொல்லுங்கள். ஆடினால், ஆடுகிறது என்றே அறிக்கையில் எழுதுங்கள். இன்னொன்று: நடுவில் நான்காவதாக ஒரு வடிவமைப்பைச் சேர்த்தாலோ ஒன்றை நீக்கினாலோ மற்றவற்றின் வரிசையே தலைகீழாகலாம். ஏ.எச்.பி.யில் இதை பெல்டனும் கியரும் 1983-லேயே காட்டினார்கள். தோற்கும் என்று தெரிந்த ஒரு வடிவமைப்பை யாராவது கடைசி நேரத்தில் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஃபஸ்ஸி முறைகள் சேர்த்தால் துல்லியம் கூடுமா?

லோட்ஃபி ஜாதே 1965-இல் கொடுத்த ஃபஸ்ஸி கணம், “ஓரளவு முக்கியம்” போன்ற பேச்சை ஒற்றை எண்ணாக இறுக்காமல் ஒரு வீச்சாக வைத்துக்கொள்ள உதவுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இது நிறைய வரும். நடைமுறையில், ஐந்து பேர் தரவின்மேல் மூன்று அடுக்குக் கணக்கை ஏற்றுவதைவிட இன்னும் பத்துப் பேரைச் சோதிப்பது மேல் என்பது என் கட்சி. கல்லூரி ஆய்வேடு என்றால் வேறு, அங்கே முறைதான் பாடம்.

இதற்கெல்லாம் என்ன மென்பொருள் வேண்டும்?

சோதனைக்குப் போனிலேயே இருக்கும் திரைப் பதிவு. கணக்குக்கு எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்.

ஏ/பி சோதனை ஓட்டிவிட்டால் போதுமே? செயற்கை நுண்ணறிவையே பயனராக உட்கார வைத்தால்?

ஏ/பி சோதனை என்பது தளத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வடிவமைப்பும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டி ஒப்பிடுவது. அது எது ஜெயித்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. வருகை குறைந்த தளத்தில் அது முடியவும் நாளாகும். வரி கட்டக் கடைசித் தேதிக்கு முந்தைய வாரத்தில் அதை ஓட்ட எந்த ஆணையரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

செயற்கை நுண்ணறிவு எழுத்துப்பிழை, தெளிவில்லாத வாக்கியம் இவற்றைக் காட்டிக் கொடுக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன்னையே குறை சொல்லும் பயனராக அது ஆகாது.

தமிழ்ப் பயனர்களுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

நிறைய. முதலில் பெயர்ப் பெட்டி. “முதல் பெயர்”, “கடைசிப் பெயர்” என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், முன்னெழுத்து மட்டும் உள்ளவர் என்ன செய்வார்? ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார், ஒருவர் வெறும் “கே” என்று போடுவார், “குறைந்தது 3 எழுத்து வேண்டும்” என்று திரை திட்டும். அப்புறம் ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று வேறு நிற்கும். ஒரே பெட்டி, “ரசீதில் உள்ளபடி” என்று பக்கத்தில் ஒரு குறிப்பு, வேலை முடிந்தது.

அடுத்தது தெருப் பெயர்த் தேடல். அதே தெருவை ஆங்கில எழுத்தில் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள், தமிழில் தட்டினால் ல, ள, ழ மாறும். வார்டைத் தேர்ந்தெடுத்தால் தெருப் பட்டியல் விரியும்படி வைப்பது பெரும்பாலோருக்குச் சுலபம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சிறிய போன் திரையில் பொத்தான் எழுத்து வெட்டுப்படும், ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றினால் இது கட்டாயம் நடக்கும். ஓ.டி.பி. வேறு யாருடைய போனுக்கோ போவதும் சகஜம். வீட்டுக்காரர் அம்மா, எண் வெளியூரில் இருக்கும் மகனுடையது. சோதனையில் இந்தச் சூழ்நிலையை ஒரு வேலையாகவே வையுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற அணுகல்தன்மை விதிகள் 2023-இல் வந்தன, தானியங்கிக் கருவிகள் அவற்றில் ஒரு பகுதியைத்தான் சரிபார்க்கும். திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை, அவருடைய சொந்தப் போனிலேயே, வரி கட்டச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்சா வந்து நிற்கும் இடத்தில் மீதிக் கதை தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது எதில் எச்சரிக்கை?

எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் எண்வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகம் மட்டுமல்ல. நிஜ ஏ.டி.எம். அட்டையை எடுக்க விடாதீர்கள், போலிக் கட்டணப் பக்கம் வைத்துச் சோதியுங்கள். வந்தவருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் அது அவருடையதுதான்.

ஒருமுறை சோதித்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கட்டண நுழைவாயில் மாறினால், உள்நுழைவு முறை மாறினால், ரசீதின் அச்சு வடிவம் மாறினால் மறுபடி ஐந்து பேர். கடைசியாகச் சொன்னதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தளத்தில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, ஆனால் புதிய ரசீதில் வரி விதிப்பு எண் வேறு மூலைக்குப் போயிருக்கும், உதவித் தொலைபேசியில் அழைப்புகள் கூடும். அந்த அழைப்புப் பதிவேட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அடுத்த சோதனைக்கான வேலைகள் அதிலேயே எழுதியிருக்கும்.